காளான் வளர்த்த விளக்கு மூடி

மண்ணெண்ணெய் விளக்கின் கீழே பாடம் படித்த தலைமுறையைச் சேர்ந்தவர்கள் நம் சகோதரிகளில் பலர் இருப்பீர்கள். வெற்றுப் போத்தலில் மண்ணெண்ணெய் ஊற்றி, தகர மூடியில் துளையிட்டுத் திரி கோர்த்து ஏற்றிய அந்தக் குப்பி விளக்கு எத்தனை வீடுகளுக்கு ஒளி கொடுத்ததோ அத்தனை வீடுகளுக்குக் கவலையையும் கொடுத்தது. பூனை பாய்ந்தாலும் விழும். பிள்ளையின் கை பட்டாலும் விழும். விழுந்த மாத்திரத்தில் மூடி கழன்று, எண்ணெய் சிந்தி, பாயிலும் உடுப்பிலும் தீ பற்றிக்கொள்ளும். அவ்வாறு சுட்ட தழும்பைக் கையிலும் கழுத்திலும் சுமந்துகொண்டு வாழும் பெண்கள் இன்றும் நம் ஊர்களில் இருக்கிறார்கள்.

உறங்கப் போகுமுன் விளக்கை அணைத்துவிடுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்திருப்பதும், திரியை இழுத்துச் செல்லும் எலியால் வீட்டாருக்குத் தீங்கு நேரலாம் என்று அதற்குக் காரணம் காட்டியிருப்பதும் ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ள செய்தியாகும். வீட்டு விளக்கைப் பற்றிய இந்த அக்கறை மார்க்கத்துக்குப் புறம்பான ஒன்றல்ல என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

குப்பி விளக்கின் கொடுமையைக் கண்டு செயலில் இறங்கியவர் நம் நாட்டின் சத்திரசிகிச்சை நிபுணர் டாக்டர் விஜய கொடகும்புர. தீக்காயங்களோடு வந்த நோயாளிகளுக்குச் சிகிச்சை செய்து செய்து மனம் நொந்த அவர், 1992 இல் பாதுகாப்பான ஒரு போத்தல் விளக்கை உருவாக்கினார். ‘சுதீப’ என்பது அதன் பெயர். அந்தப் பணிக்காக 1998 இல் அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. அவர் எண்ணெயை மாற்றவில்லை, திரியையும் மாற்றவில்லை. போத்தலைக் குட்டையாகவும் தடித்த கண்ணாடியில் பாரமாகவும் செய்தார். உருண்டு ஓடாதபடி இரண்டு பக்கத்தைத் தட்டையாக்கினார். மூடியை முறுக்கிப் பூட்டும்படி அமைத்தார். அவ்வளவுதான். சுடர் பழைய சுடரே. விளக்கின் உடம்பு மட்டும் திருந்தியது. அதனால் விளக்கே வேறு விளக்காகிவிட்டது.

இந்த விஷயம் மின்சார விளக்குக்கும் பொருந்தும் என்பதை எங்கள் வீட்டில் உம்மாவின் நிமித்தம் நான் விளங்கிக்கொண்டேன். அதைச் சொல்லத்தான் இக்கட்டுரை.

2022 ஆம் ஆண்டை எவராலும் மறக்க முடியாது. மார்ச் 31 அன்று 13 மணித்தியால மின்வெட்டு. அந்த ஆகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 வீதம் கூடியது. 2023 பெப்ரவரியில் மீண்டும் 66 வீதம் கூடியது. பட்டியலைப் பார்த்துக் கலங்கிய எல்லா வீடுகளையும் போல நாங்களும் எஞ்சியிருந்த பழைய குமிழ்களைக் கழற்றிவிட்டு எல்.ஈ.டி. குமிழ்களை மாட்டினோம். கணக்கைப் பாருங்கள்: 60 வோட் குமிழ் ஒன்று தினமும் 4 மணித்தியாலம் எரிந்தால் மாதத்துக்கு 7 அலகுக்கு மேல் செலவாகும். 9 வோட் எல்.ஈ.டி. அதே நேரம் எரிந்தால் ஓர் அலகுதான். சிக்கனம் என்ற வகையில் இதைவிட நல்ல மாற்றம் வேறில்லை.

ஆனால் உம்மாவுக்கு அந்த வெளிச்சம் ஒத்துவரவில்லை. அவருக்கு வயது 78. இரண்டு கண்களிலும் வெண்புரைக்குச் சத்திரசிகிச்சை செய்தாயிற்று. மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையில் ஒரு தடவை, ஸுப்ஹுக்கு முன்னர் ஒரு தடவை என்று முஸ்ஹபை விரித்து வைத்து ஓதுவது நான் கண் திறந்த நாள் முதல் காணும் வழக்கம். சில மாதங்களாக ஸுப்ஹுக்கு முந்திய ஓதல் சத்தம் கேட்கவில்லை. மனப்பாடமான சில ஸூராக்களை இருட்டில் இருந்தபடியே முணுமுணுத்துக்கொண்டிருந்தார். முஸ்ஹப் ரேஹாலில் மூடியபடி இருந்தது.

“ஏன் உம்மா, லைட்டைப் போட்டுக்கொள்ளலாமே?” என்றேன்.

“மகள், அந்த வெளிச்சம் எண்ட கண்ணுக்குள்ள குத்துது. எழுத்துல விழுகிதில்ல. சின்னவனும் எழும்பிருவான்.”

என் கடைசி மகன் அவருடைய அறையில்தான் உறங்குகிறான். முகட்டிலிருந்து மொட்டையாகத் தொங்கும் குமிழ் எரிந்தால் அவன் கண்ணிலும் அடிக்கும். கண் வைத்தியரிடம் சொன்னபோது அவர் மருந்து எதுவும் எழுதவில்லை. “வெளிச்சம் புத்தகத்தில் விழ வேண்டும், கண்ணில் விழக்கூடாது. குமிழை மறைத்து, கீழே இறக்கிக் கட்டுங்கள்” என்றார்.

வெண்புரைச் சிகிச்சைக்குப் பின்னர் சிலருக்குக் கூச்சம் நீடிப்பதுண்டு. எல்.ஈ.டி. குமிழில் ஒளி சிறிய இடத்திலிருந்து கூர்மையாக வருவதால், மறைப்பு இல்லாவிட்டால் முதிய கண்ணுக்கு அது பெரிய தொந்தரவு. ஆகவே எங்களுக்குத் தேவைப்பட்டது குமிழின்மேல் கவிழ்க்கும் ஒரு மூடி. கடைகளில் ‘ஷேட்’ என்கிறார்கள். பிளாஸ்டிக்கில் ஒன்று வாங்கினோம். மெல்லியதாக இருந்ததால் ஒளி அதன் ஊடாகவும் வந்தது, கூச்சம் குறையவில்லை. தகர மூடி ஒன்றைப் பார்த்தோம். விலை எங்கள் கைக்கு எட்டவில்லை.

அப்போதுதான் விவசாய பீடத்தில் படிக்கும் என் மகள் ஒரு செய்தியைச் சொன்னாள். “உம்மா, நீங்கள் பின்வளவில் வளர்க்கிறீர்களே, அதே காளானில் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் விளக்கு மூடி வளர்க்கிறார்கள்” என்றாள். நான் ஆறு வருடங்களாகச் சிப்பிக் காளான் பயிரிட்டு விற்று வருகிறேன். குடையாக விரியும் காளானில் எப்படி மூடி செய்வது என்று எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

அவள் சொன்னது குடையை அல்ல. நாம் பறித்துச் சமைப்பது காளானின் கனி போன்ற பகுதி. காளானின் உண்மையான உடம்பு பைக்குள்ளே மரத்தூளில் ஓடியிருக்கும் வெண்ணிற நூல்கள். அதை மைசீலியம் என்பார்கள். பாடசாலைப் புத்தகத்தில் பூசண வலை என்று பிள்ளைகள் படித்திருப்பார்கள். தலைமுடியைவிட மெல்லிய இந்த நூல்கள் மரத்தூளைத் தின்றுகொண்டே துணுக்குக்குத் துணுக்குப் பாலம் போட்டு, உதிரித் தூளை ஒரே கட்டியாகப் பிணைத்துவிடும். இறாலின் ஓட்டிலும் வண்டின் மேலுறையிலும் இருக்கும் கைற்றின் என்ற உறுதியான பொருள் இந்த நூல்களின் சுவரிலும் இருக்கிறது. காளான் வளர்க்கும் சகோதரிகள் நன்றாக வெளுத்த ஒரு பையைப் பிரித்துப் பார்த்தால் தெரியும்: பொலித்தீனைக் கிழித்து எடுத்தாலும் கட்டி உதிராது, கையில் பாண் இறாத்தல் போல் நிற்கும்.

இந்தக் குணத்தைப் பயன்படுத்தித் தொழில் தொடங்கியவர்கள் எபன் பேயர், கவின் மெக்கின்டயர் என்ற இருவர். நியூயோர்க் மாநிலத்தின் ரென்சலர் பல்தொழில்நுட்பக் கல்லூரியில் படித்த இவர்கள் 2007 இல் எகோவேட்டிவ் என்ற நிறுவனத்தை ஆரம்பித்தார்கள். தொலைக்காட்சி, கணினி போன்றவற்றைப் பொதி செய்யும் ரெஜிபோமுக்குப் பதிலாக, விவசாயக் கழிவை அச்சில் நிரப்பிக் காளான் வலையால் பிணைத்து, பின்னர் சூட்டில் உலர்த்தி எடுப்பதே அவர்களின் முறை. ரெஜிபோம் எத்தனை தலைமுறை கழிந்தாலும் மண்ணாகாது. இது சில மாதங்களில் மண்ணாகிவிடும். 2014 இல் நியூயோர்க்கில் ஒரு கலைக்கூடத்தின் முற்றத்தில் இவ்வாறு வளர்த்த சுமார் 10,000 கற்களால் உயரமான கோபுரம் ஒன்றைக் கட்டி, கோடைகாலம் முடிந்ததும் கற்களைப் பசளையாக்கிவிட்டார்கள்.

விளக்குக்கு இதைக் கொண்டுவந்தவர்களில் ஒருவர் நியூயோர்க்கின் புரூக்ளின் பகுதியைச் சேர்ந்த டானியெல் ட்ரோஃபி என்ற பெண்மணி. ‘மஷ்லூம்’ என்ற பெயரில் அவர் செய்யும் மூடிகள் தொழிற்சாலையில் வார்க்கப்படாமல் அச்சுக்குள் வளர்க்கப்படுபவை. லண்டனில் செபஸ்டியன் கொக்ஸ் என்ற தளபாட வடிவமைப்பாளரும் நினெலா இவனோவா என்ற ஆய்வாளரும் 2017 இல் ஒரு கண்காட்சியில் இத்தகைய விளக்குகளையும் இருக்கைகளையும் வைத்தார்கள். வில்லோ மரத்தின் மெல்லிய சீவல்களைப் பின்னி, அதில் ஃபோமஸ் என்ற மரக்காளானை வளரவிட்டிருந்தார்கள். தீக்குச்சி இல்லாத காலத்தில் ஐரோப்பியர் நெருப்பைக் கனிய வைத்துக் கொண்டுசெல்லப் பயன்படுத்திய காளான் அது என்பது சுவையான செய்தி.

இத்தனையும் கேட்டபோது எனக்கு முதலில் எழுந்த கேள்வி, தீப்பிடிக்காதா என்பதே. குப்பி விளக்கோடு வளர்ந்தவளுக்கு வேறென்ன தோன்றும்! இதற்குப் பதில் குமிழில் இருக்கிறது. பழைய குமிழ் தான் குடிக்கும் மின்சாரத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே ஒளியாக்கும். மிச்சம் முழுதும் வெப்பம். அதன் கண்ணாடி 100 பாகைக்கு மேல் கொதிக்கும். மரத்தூளாலான ஒரு பொருளை அதற்குப் பக்கத்தில் வைக்க எந்தத் தாய்க்கும் மனம் வராது. எல்.ஈ.டி. அப்படிச் சுடாது. நீல ஒளி தரும் எல்.ஈ.டி.யைக் கண்டுபிடித்து, வெள்ளை வெளிச்சத்துக்கு வழி திறந்த அகாசாகி, அமானோ, நாகமுரா ஆகிய மூவருக்கும் 2014 இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தக் குளிர்ந்த வெளிச்சம் வந்த பிறகுதான் வைக்கோல், மரத்தூள், காளான் போன்றவை விளக்குக்குப் பக்கத்தில் துணிந்து வர முடிந்தது. காளான் வலையால் ஆன பொருள் ரெஜிபோமைப் போல உருகிச் சொட்டுவதில்லை. நெருப்புப் பட்டால் கருகும். ஆயினும் அது எரியவே எரியாது என்று எவரும் எண்ணிவிடக் கூடாது. எல்.ஈ.டி.க்கு மட்டுமே அது உகந்தது.

மகள் விடுமுறைக்கு வந்தபோது இரண்டு பேரும் சேர்ந்து செய்து பார்த்தோம். செய்முறையை விவரமாகச் சொல்கிறேன். காளான் வளர்க்கும் சகோதரிகளுக்கு இதில் புதிதாகக் கற்க வேண்டியது அதிகமில்லை.

மரக்காலையில் வாங்கிய மரத்தூளோடு அரிசித் தவிடும் சிறிது சுண்ணாம்புத் தூளும் கலந்து, ஆவியில் அவித்து, காளான் வித்து இட்டு வைத்த பைகள் எங்களிடம் இருந்தன. அவற்றில் முற்றாக வெளுத்து, இன்னும் மொட்டு விடாத பை ஒன்றை எடுத்தோம். பல தடவை பறித்து முடிந்த பழைய பையில் காளானுக்குப் பலம் குன்றியிருக்கும். அது நன்றாகப் பிணையாது. ஆகவே ஒரு மூடிக்காக ஒரு பையின் விளைச்சலை விட்டுக்கொடுக்க வேண்டும். இதை முதலிலேயே கணக்கில் எடுத்துக்கொள்வது நல்லது.

கையையும் மேசையையும் சவர்க்காரத்தால் கழுவி, ஸ்பிரிட்டால் துடைத்தபின், பையிலுள்ளதைச் சுத்தமான பேசினில் உதிர்த்து, அவித்து ஆறவைத்த தவிட்டில் ஒரு மேசைக்கரண்டி சேர்த்துப் பிசைந்தோம். அச்சுக்குக் குசினியிலிருந்த இரண்டு பிளாஸ்டிக் கோப்பைகள்: பெரியது ஒன்று, அதற்குள்ளே நான்கு பக்கமும் ஓர் அங்குலம் இடைவெளி விட்டு அமரும் சிறியது ஒன்று. ஹோல்டர் நுழைவதற்கான துளைக்காக நடுவில் ஒரு குழாய்த் துண்டு. இடைவெளியில் கலவையை நிரப்பி, மெதுவாக அழுத்தி, துளையிட்ட பொலித்தீனால் மூடி, வெயில் படாத அறையில் வைத்தோம். ஐந்து நாளில் உதிரித் தூள் மறுபடியும் ஒன்றாகப் பிணைந்து வெளுத்துவிட்டது. அச்சிலிருந்து கழற்றி, மூடிய பெட்டியொன்றில் இன்னும் இரண்டு நாள் வைத்தபோது மேற்புறம் முழுவதும் மெல்லிய வெள்ளைத் தோல் படர்ந்தது. தொட்டால் பதனிட்ட ஆட்டுத்தோலின் உட்புறம் போல் மிருதுவாக இருந்தது.

பிறகு உலர்த்த வேண்டும். இதுதான் முக்கியமான கட்டம். உலர்த்தாமல் விட்டால் அது உயிரோடு இருக்கும்; காளான் முளைக்கும்; முளைத்தால் தூள் பறக்கும். காளான் வீட்டில் முகமூடி கட்டாமல் நிற்பவர்களுக்கு இருமலும் மூச்சு இறுக்கமும் வருவது வளர்ப்பவர்கள் அறிந்ததே. ஆஸ்துமா உள்ள பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அது ஆபத்து. இரண்டு நாள் நல்ல வெயிலிலும், பிறகு கேக் சுடும் அவனில் 100 பாகை அளவில் மூன்று மணித்தியாலமும் வைத்தோம். அடிக்கடி தராசில் நிறுத்தோம். ஆரம்பத்தில் 900 கிராம். கடைசியில் 340 கிராம். மேலும் சூடாக்கியும் நிறை குறையவில்லை என்றால் உலர்ந்துவிட்டது என்று பொருள்.

அவனுக்குள் வைக்கும்போது சின்னவன் ஓடி வந்தான். “அது உயிரோட இருக்கே உம்மா, சுட்டா பாவமில்லையா?” என்று கேட்டான். “நாளைக்குப் பகல் கறிக்கு வைக்கிற காளானும் அதுதானே மகன். தேவைக்கு எடுத்துக்கொள்ள அல்லாஹ் நமக்குத் தந்திருக்கிறான், வீணாக்கத்தான் கூடாது” என்றேன். பாலைவனத்தில் மண்ணுக்கடியில் விளையும் கமஃ என்ற காளானை மன்னு வகையைச் சேர்ந்ததாக நபி (ஸல்) அவர்கள் குறிப்பிட்டிருப்பதை உம்மா அவனுக்குச் சொல்லிக்கொடுத்தார். நம் சிப்பிக் காளான் அந்த வகையல்ல. ஆனாலும் உழுது விதைக்காமல் மண்ணிலிருந்து கிடைக்கும் ஒன்றை அருளாக மதிக்கும் மனம் அந்தச் செய்தியில் இருக்கிறது.

மின்வேலை தெரிந்த அயல்வீட்டுத் தம்பி ஒருவர் வந்து பூட்டித் தந்தார். வயரின் பாரம் ஹோல்டரின் இணைப்பில் தங்காதபடி முடிச்சுப் போட்டு, ஹோல்டர் வளையத்தால் மூடியை இறுக்கினார். எல்.ஈ.டி.யின் கண்ணாடி சுடாவிட்டாலும் அடிப்பாகம் சூடேறும். ஆகவே காற்றுப் போக மேற்புறத்தில் இரண்டு துளைகள் இட்டோம். மூடியின் உட்சுவருக்கும் குமிழுக்கும் மூன்று அங்குல இடைவெளி இருக்கும்படி பார்த்துக்கொண்டோம். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இந்த வேலையை அறிந்தவரைக் கொண்டே செய்விக்க வேண்டும்.

இந்த மூடி ஒளியைக் கடத்தாது. பக்கத்தில் நின்று பார்த்தால் குமிழ் தெரியாது. உட்புறம் வெள்ளையாக இருப்பதால் ஒளி அங்கே பட்டு மெதுவாகக் கீழே இறங்கும். முகட்டில் இருந்த குமிழை ரேஹாலுக்கு மேலே ஒன்றரை அடியில் இறக்கிக் கட்டினோம். தூரம் பாதியானால் விழும் ஒளி நான்கு மடங்காகும் என்பது பௌதிக விதி. ஆகவே 9 வோட்டுக்குப் பதிலாக 3 வோட் குமிழே தாராளமாகப் போதுமாயிற்று. வெண்மையான குமிழைத் தவிர்த்து, மஞ்சள் சாயலுள்ள குமிழாக எடுத்தோம். அன்று முதல் உம்மாவின் ஓதல் சத்தம் ஸுப்ஹுக்கு முன்னர் மறுபடியும் கேட்கிறது. அல்ஹம்துலில்லாஹ். சின்னவன் பக்கத்துக் கட்டிலில் இருட்டில் உறங்குகிறான்.

இதைக் கண்டு சொந்தக்காரர்கள் பலரும் கேட்டார்கள். “சூழலுக்கு நல்லதாமே, மின்சாரமும் மிச்சமாமே” என்றார்கள். புதிய பொருள் எதுவாயினும் அதைப் பற்றி உள்ளதை உள்ளபடி சொல்வது அமானிதம். ஆகவே எனக்குத் தெரிந்த நிறைகுறைகளையும் எழுதிவிடுகிறேன்.

முதலாவது, மின்சாரம். எங்கள் பட்டியலைக் குறைத்தது எல்.ஈ.டி. குமிழே தவிர மூடி அல்ல. 9 வோட்டிலிருந்து 3 வோட்டுக்கு இறங்கியதில் மாதத்துக்கு முக்கால் அலகு அளவில்தான் மிச்சம். இன்னும் பழைய குமிழ் எரியும் வீடுகள் முதலில் குமிழை மாற்றட்டும். மூடியைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம்.

இரண்டாவது, ஈரம். மண்ணில் மக்கும் குணமும் ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும் குணமும் ஒன்றே. உலர்ந்த மூடியின் துண்டு ஒன்றைக் குளியலறையில் தொங்கவிட்டுப் பார்த்தோம். மூன்று வாரத்தில் அதில் கரும்புள்ளிகள் விழுந்தன. எங்கள் ஊர் கண்டி மாவட்டத்தின் மலைப்பகுதி. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் சுவரே வியர்க்கும். உம்மாவின் அறை காற்றோட்டமுள்ளதால் மூடி ஒரு வருடத்துக்கு மேலாக நன்றாக இருக்கிறது. மழைக்காலத்தில் மாதம் ஒரு தடவை கழற்றி வெயிலில் வைக்கிறோம். குசினிக்கும் குளியலறைக்கும் கடற்காற்று வீசும் திண்ணைக்கும் இதை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

மூன்றாவது, ‘மண்ணுக்குத் திரும்பும் விளக்கு’ என்ற பேச்சு. மூடி மட்டுமே மண்ணுக்குத் திரும்பும். வயர், ஹோல்டர், குமிழின் உள்ளே இருக்கும் மின்னணுப் பாகங்கள் எவையும் மண்ணாகா. அவற்றைக் குப்பையில் எறியாமல் மின்கழிவு சேகரிப்பவர்களிடம் சேர்க்க வேண்டும். சுருள் வடிவக் குமிழ்களுக்குள் சிறிதளவு பாதரசமும் உண்டு. வீட்டில் எஞ்சியிருந்தால் உடையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதேபோல, அழகுக்காக மூடிக்கு வார்னிஷோ பெயின்டோ அடித்துவிட்டால் அதை மண்ணில் போடுவதில் அர்த்தமில்லை. எதுவும் பூசாத ஒரு துண்டைத் தேசி மரத்தின் அடியில் புதைத்து வைத்தோம். மூன்று மாதம் கழித்துத் தோண்டியபோது கையில் உதிர்ந்தது. அதன் ஊடாக மண்புழு ஓடியிருந்தது.

நான்காவது, விலை. வெளிநாட்டில் இத்தகைய மூடிகள் ஆடம்பரப் பொருளாகவே விற்கப்படுகின்றன. மக்கிப்போகும் ஒரு பொருளைக் கடல்கடந்து வரவழைத்து வரவேற்பறையில் தொங்கவிடுவதில் என்ன சிக்கனம் இருக்கிறது? இதன் பயன், மரக்காலையில் எரித்துத் தள்ளும் தூளையும் அரிசி ஆலையின் தவிட்டையும் கொண்டு நாமே வளர்த்துக்கொள்வதில்தான் உண்டு. வீண்விரயத்தை விலக்கிய மார்க்கம் நம்முடையது. வீண்விரயத்தைத் தவிர்க்கும் பெயரிலேயே விரயம் செய்துவிடக் கூடாதல்லவா?

இத்தனை வரையறைகளுக்கும் பிறகு அப்படி என்ன பெரிய நன்மை என்று ஒரு சகோதரி கேட்கலாம். டாக்டர் கொடகும்புரவின் போத்தலைத்தான் நான் நினைத்துக்கொள்கிறேன். வெளிச்சம் போதவில்லை என்றால் நாம் உடனே பெரிய குமிழைத் தேடுகிறோம். பல வேளைகளில் இருக்கும் வெளிச்சம் போக வேண்டிய இடத்துக்குப் போகாமலிருப்பதே குறை. அதைத் திருப்பிவிட ஒரு மூடி போதும். அது காளானாக இருக்கலாம். பன்னால் பின்னியதாக இருக்கலாம். சிரட்டையைச் சுரண்டிச் செய்ததாகவும் இருக்கலாம். கிழக்கு மாகாணத்துப் பெண்கள் பன்னில் பாய் பின்னும் கைக்கு ஒரு விளக்கு மூடி பின்னுவது பெரிய காரியமல்ல.

நம் வீடுகளில் முதியவர்கள் தமது சிரமத்தை வாய்விட்டுச் சொல்வதில்லை. பிள்ளைகளுக்குச் செலவு வரும், உறங்குபவர்களுக்குத் தொந்தரவு வரும் என்று எண்ணி, ஓதுவதையும் தைப்பதையும் படிப்பதையும் ஒவ்வொன்றாகக் கைவிட்டு இருட்டில் உட்கார்ந்துகொள்கிறார்கள். “வயசு போயிட்டது” என்று நாமும் விட்டுவிடுகிறோம். இன்றிரவு உங்கள் வீட்டு உம்மும்மாவோ மாமியோ உட்காரும் இடத்தில் நீங்களும் ஒரு தடவை உட்கார்ந்து பாருங்கள். ஒளி கண்ணில் விழுகிறதா, கையில் விழுகிறதா என்று கவனியுங்கள். கண்ணில் விழுந்தால் குமிழை மறையுங்கள்; எட்டத்தில் இருந்தால் கீழே இறக்குங்கள்.

காளான் வளர்க்கும் சகோதரிகள் அடுத்த தடவை பைகள் வெளுத்ததும் ஒரே ஒரு பையை இதற்காக ஒதுக்கிப் பாருங்கள். இரண்டு கோப்பையும் பத்து நாள் பொறுமையும் இருந்தால் போதும். பச்சைப் பூஞ்சணம் தென்பட்டால் தயங்காமல் அதை அப்புறப்படுத்திவிட்டு, மற்றொரு பையில் தொடங்குங்கள். நன்றாக உலர்த்தாததை ஒருபோதும் வீட்டுக்குள் தொங்கவிடாதீர்கள். நம் பெற்றோரின் கண்களுக்கும் உள்ளங்களுக்கும் வல்ல அல்லாஹ் ஒளியைத் தந்தருள்வானாக! ஆமீன்.